ஒரிஜினலை விட்டுவிட்டு வந்தவன்

என் படிப்புச் சான்றிதழ்களின் ஒரிஜினல்கள் ஏழும் மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பச்சை பீரோவுக்குள் இருந்தன. நான் திருத்தணிக்குப் பக்கத்தில் என் வீட்டில் இருந்தேன். போன ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் என் பிழைப்பு இவ்வளவுதான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகப் போனவன், ஒன்பதாவது மாதம் இரண்டு வார லீவு என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. ஓடிவந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. ஓடிவருகிற ஒருவன் முதலில் எதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டுமோ, அதை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

யாரும் அவற்றை என்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். நினைக்கும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வேலையில் சேர்கிற அன்றைக்கே ஒரிஜினல்களை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாவது மதிப்பெண் பட்டியலில் தொடங்கி பி.எட். பட்டம் வரை எல்லாம் தாளாளரின் பீரோவுக்குப் போய்விடும். நடுவில் கேட்டால், வேலையை விடப்போகிறான் என்று அர்த்தம். அதனால் யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. அரசுத் தேர்வுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு என்பார்கள், வீட்டுக் கடனுக்கு வங்கியில் கேட்கிறார்கள் என்பார்கள், தங்கைக்குக் கல்யாணம் என்றுகூட ஒருவர் சொன்னார். தங்கை கல்யாணத்துக்கு அண்ணனின் எம்.ஏ. எதற்கு என்று தாளாளர் கேட்டார். அந்த வருடம் முழுக்க அந்த அண்ணன் எங்களோடுதான் இருந்தார். நான் ஒன்பது வருடம், இரண்டு பள்ளிகளில், இப்படி வேலை பார்த்தவன். என் பி.எட். சான்றிதழை என் மனைவி கண்ணால் பார்த்ததே கல்யாணமாகி மூன்றாம் வருடம்தான்.

அந்தப் பழக்கத்தோடுதான் தீவில் போய் இறங்கினேன். பள்ளியின் பிரின்சிபல் என்னைவிட நாலைந்து வயது பெரியவர், தலையில் முக்காடு, வாய் ஓயாத சிரிப்பு. முதல் நாள் என் ஃபைலை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார், நகல் எடுக்கச் சொன்னார், ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. "கீப் மேடம், கீப்" என்று மேசைக்கு மறுபடி தள்ளினேன். நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, உங்களுக்குத் தேவைப்படும் என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று முறை அவர் தள்ள, மூன்று முறை நான் தள்ள, கடைசியில் அவர் குழம்பிப்போய் எழுந்து பச்சை பீரோவைத் திறந்து உள்ளே வைத்தார். அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற நிம்மதி வந்தது. அறைக்குப் போய் வீட்டுக்கு போன் செய்து, "ஒரிஜினல் வாங்கிகினாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னேன். என் முட்டாள்தனத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஏன் ஓடிவந்தேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சாப்பாடு, கடல் காற்று, காய்கறிப் படகு வாரத்துக்கு ஒருமுறைதான் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் புளுகு. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். ஒன்பது வருடம் நான் இங்கிலீஷைத் தமிழில் நடத்தியவன். பாடத்தின் ஒரு வரியை வாசிப்பேன், தமிழில் அர்த்தம் சொல்வேன், முக்கியமான கேள்விக்குப் பென்சிலால் கோடு போடச் சொல்வேன், மனப்பாடம் செய்ய வைப்பேன். என் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. பெற்றோர்கள் கடைத்தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிடுவார்கள். அத்தனை வருடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் நான் இங்கிலீஷ் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையே வரவில்லை என்பதால் அது எனக்கே தெரியாது.

தீவில் முதல் வகுப்பில் ஒரு வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அர்த்தம் சொல்ல வாயெடுத்தால் உள்ளே தமிழ்தான் இருந்தது. எதிரில் இருபத்திரண்டு பிள்ளைகள், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. கார்ட்டூன் பார்த்தே பழகிய இங்கிலீஷில் அவர்கள் சரளமாகக் கேள்வி கேட்டார்கள். ஏன், எதற்கு, உங்கள் ஊரில் எப்படி. நான் "யெஸ்" என்றேன். "நோ" என்றேன். "சைலன்ஸ்" என்றேன். அந்தச் சொல் மட்டும் கணீரென்று வந்தது.

பிரின்சிபல் மாதம் ஒருமுறை வகுப்பின் கடைசியில் வந்து உட்கார்ந்து ஒரு படிவத்தில் எழுதுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "பிள்ளைகளோடு இன்னும் கொஞ்சம் பேசுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் அதே வரியை எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பார். தினமும் பள்ளி விட்டதும் அறையில் உட்கார்ந்து மறுநாள் பேசவேண்டியதை எழுதி ஒப்பித்தேன். மறுநாள் ஒரு பெண் கை தூக்கி நான் எழுதாத ஒரு கேள்வியைக் கேட்பாள். அவ்வளவுதான், ஒப்பித்த வீட்டுப்பாடத்தை மறந்த பையன் மாதிரி நிற்பேன். இருபது நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவு. வெட்கப்பட்ட முகத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது? கடைக்குப் போனாலும் அந்தப் பிள்ளைகள்தான், கடற்கரைக்குப் போனாலும் அவர்கள்தான்.

ஆடி வந்தது. என் அப்பா, நாங்கள் நைனா என்போம், வருடா வருடம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர். கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். அங்கிருந்து நடந்தே திருத்தணி மலைக்குப் போவார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, துணைக்கு நான் இருக்க வேண்டும் என்று பிரின்சிபலிடம் லீவு கேட்டேன். காவடி என்றால் என்ன என்று கேட்டார். தோளில் சுமந்துகொண்டு மலை ஏறுவது என்றேன். அவர் பதறிப்போனார். அறுபத்தெட்டு வயதிலா, உடனே போங்கள், தடுத்து நிறுத்துங்கள் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பச்சை பீரோ அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கேட்கலாம் என்று நா நுனி வரை வந்தது. இரண்டு வார லீவில் போகிறவனுக்கு ஒரிஜினல் எதற்கு என்று கேட்பாரே? கேட்டதும் தெரிந்துவிடுமே? தெரிந்தால் போகவிடமாட்டார்களே? ஒன்பது வருடத்துப் பயம் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தது. "தேங்க்யூ மேடம்" என்று வந்துவிட்டேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று அறையில் குக்கரையும் அரை மூட்டை அரிசியையும் நாலு சட்டையையும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வகுப்பில், எங்கே போகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். காவடியைப் பலகையில் வரைந்தேன். ஒரு கம்பு, அதன் மேல் அரை வட்டம், அதில் பூ, கீழே நைனா. மஞ்சள் வேட்டி, சரவணப் பொய்கையில் குளியல், வழியெல்லாம் பம்பைச் சத்தம், படியில் நெரிசல், அரோகரா என்று எல்லோரும் ஒரே குரலில் கத்துவது என்று சொல்லிக்கொண்டே போனேன். மணி அடித்தபோதுதான் தெரிந்தது, நாற்பது நிமிடம் இங்கிலீஷில் பேசியிருக்கிறேன். கையில் துண்டுச் சீட்டு இல்லை. போவது என்று முடிவெடுத்த பிறகு வந்து என்ன பயன்? எனக்கு அழுகை வராத குறை.

கிருத்திகை நல்லபடியாக முடிந்தது. நைனா ஏறினார், இறங்கினார், எனக்குத்தான் கால் வலித்தது. மறுநாள் மனைவியிடம், திரும்பிப் போகமாட்டேன் என்று சொன்னேன். அவள் என் தாய்மாமன் மகள், சின்ன வயதிலிருந்தே என்னைப் பாவா என்பாள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சர்டிபிகேட்டு எங்க பாவா?" என்றாள்.

"அங்கதான்."

"அங்கன்னா? எடுத்துகினு வரலியா?"

"கேட்டா தெரிஞ்சிடுமே."

"சட்ட போனா போவுது. குக்கரு போனா போவுது. அத்த வுட்டுட்டு வருவாங்களா யாராச்சும்? அந்தம்மாவுக்கு ஒரு போன போட்டு கேளு."

கேட்க மாட்டேன் என்றேன். என்ன சொல்லிக் கேட்பது? லீவு முடிந்த வாரம் பிரின்சிபலிடமிருந்து செய்தி வந்தது. அப்பாவின் தோள் எப்படி இருக்கிறது, எந்தப் படகில் வருகிறீர்கள், துறைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். நான் படித்தது அவருக்குத் தெரியாதபடி வாட்ஸ்ஆப்பில் நீல டிக்கை நிறுத்திவைத்தேன். நாலு நாள் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒன்று. எல்லாவற்றிலும் நைனாவின் தோள்.

நைனாவுக்கு விஷயம் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "லீவு எத்தினி மாசம்டா குடுப்பாங்க ஒரு ஸ்கூல்ல?" என்றார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மடையைத் திறக்கப் போய்விட்டேன். கண்டிகை டீக்கடையில் கேட்டார்கள். "இன்னா சார், எப்போ பிளேனு?" டீ குடிக்கப் போவதையே நிறுத்திவிட்டேன்.

வேலை தேடாமல் முடியுமா? திருத்தணியில் இரண்டு பள்ளி, பொதட்டூர்பேட்டையில் ஒன்று. மூன்றிலும் பேர் தெரியும், மரியாதையாக உட்காரவைத்தார்கள். நகலைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியே, "ஒரிஜினல் எப்போ குடுப்பீங்க சார்?" ஒரு இடத்தில் சரிபார்ப்புக்குப் போயிருக்கிறது என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கிருந்த அம்மா சிரித்துவிட்டார். பொய்யின் எல்லா வகையும் அவர் கேட்டிருப்பார் போல.

சரி, தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக்கொடுத்துச் சான்று வாங்கி, டூப்ளிகேட் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் வழி சொன்னார். போனேன். அங்கே எழுதிக்கொள்கிற போலீஸ்காரர் பேனாவைத் திறந்துகொண்டு, "எங்க தொலச்சீங்க?" என்றார்.

"ட்ரெயின்ல சார். அரக்கோணத்துல இருந்து வரும்போது."

"ட்ரெயின்னா ரயில்வே போலீசு பாக்கணும் சார். நீங்க அரக்கோணம் போயிடுங்க."

"இல்ல சார், பஸ்ல."

பேனாவை மூடினார். "இப்பதான ட்ரெயின்னீங்க?" என்று கேட்டுவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க இங்கிலீஷ் சார் இல்ல? எம் பொண்ணு உங்ககிட்ட படிச்சிது சார். உங்களப் பத்தி பேசிகினே இருக்கும். நீங்க போயி நல்லா யோசிச்சிகினு நாளைக்கி வாங்க."

வெளியே வந்து வண்டியை உதைத்தேன். அது என்ன செய்யும், பாவம். எனக்கு யார் மேல் கோபம் என்றே புரியாத நிலைமை. பிரின்சிபல் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன். முடியவில்லை.

அன்றைக்குக் கடைசியில் பிரின்சிபலுக்கு எழுதவே உட்கார்ந்தேன். ஒன்பது வருடம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவன். "ஆஸ் ஐ யம் சஃபரிங் ஃப்ரம்" என்று கை தானாக எழுதியது. அதற்கு மேல் எதனால் அவதிப்படுகிறேன் என்று எழுதவேண்டும். காய்ச்சல் என்று எழுதினேன், அடித்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன், அடித்தேன். ஒரு வாரத்தில் பதினொரு காகிதம். பன்னிரண்டாவதை எடுத்தபோது மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"போன குடு பாவா."

"எதுக்கு?"

"குடுன்றேன்."

வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வேப்பமரத்தடியில் நின்று ஒற்றை விரலால் தட்டுவது தெரிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, திரும்பி வந்து என் கையில் கொடுத்தாள். அனுப்பியாகிவிட்டது. "ஐ யம் ஒய்ஃப். சார் நாட் கமிங். சாரி. சர்டிபிகேட் ப்ளீஸ் சென்ட்." வந்தது ஆத்திரமா வெட்கமா தெரியவில்லை. "இப்பிடியா எழுதுவாங்க?" என்று கத்தினேன். "பின்ன எப்பிடி எழுதுவாங்க? நீ எழுது பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே பதில் வந்து விழுந்தது. கட்டாயம் அனுப்புகிறேன், முகவரி கொடுங்கள், அப்பாவின் தோள் எப்படி இருக்கிறது?

மூன்று வாரத்தில் பார்சல் வந்தது. தீவிலிருந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு ஆசிரியை கையில் கொடுத்தனுப்பி, அவர் திருவனந்தபுரத்தில் ஸ்பீட் போஸ்ட் செய்திருந்தார். ஒரிஜினல்கள் ஏழும், நான் வைத்த வரிசையிலேயே, மூலை மடங்காமல் இருந்தன. கூடவே ஒரு கட்டு காகிதம். பிள்ளைகள் வரைந்த படங்கள். அவர்களுக்குத் தெரிந்த அரை வட்டம் கவிழ்த்துப்போட்ட படகுதான் போலிருக்கிறது. இருபத்திரண்டு படத்திலும் ஒரு கிழவர் மஞ்சள் வேட்டியோடு, படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். சிலவற்றில் படகுக்குத் துடுப்பும் இருந்தது. நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இன்னாத்துக்குடா படகத் தூக்கினு போறேன் நானு?" என்றார். அப்புறம், "நல்லாத்தான்கீது" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

அடியில் பிரின்சிபலின் கடிதம் இருந்தது. ஒரே பக்கம். குக்கரைப் பக்கத்து வீட்டு நர்ஸ் எடுத்துக்கொண்டார், பரவாயில்லையா என்று கேட்டிருந்தார். முதல் நாளே இவற்றை எடுத்துப் போகச் சொன்னேனே என்றிருந்தார். கேட்டிருந்தால் படகுத்துறைக்கே கொண்டுவந்து கொடுத்திருப்பேன். ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்தால் யாரும் எப்போதும் விலகலாம். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லையா?

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். நாலு பக்கம், எளிய இங்கிலீஷ். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் பார்த்துப் போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. வாசித்துப் பதில் எழுதுக என்று ஒன்பது வருடம் மற்றவர்களுக்குக் கேள்வித்தாள் தயாரித்தவன் நான். காகிதத்தைக் கசக்கி எறியத் தோன்றியது. எறிந்துவிட்டு எடுத்து, நீவி, ஃபைலில் வைத்தேன்.

கார்த்திகை மாதம் முன்பு போன பள்ளிகளில் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். இங்கிலீஷ் டீச்சர் ஒருவர் பிரசவ லீவில் போகிறார். இந்த முறை ஃபைலை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனேன். ஒரிஜினலைக் காட்டுவேன், கொடுக்க மாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். மனைவியிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவள், "பாக்கலாம்" என்றாள்.

தாளாளர் என்னைவிட இளையவர், நல்ல மனிதர். டீ வரவழைத்தார். நகல்களைப் புரட்டினார். "ரெண்டு வருஷத்து கான்ட்ராக்ட் போட்டுகீறீங்க. ஒம்போது மாசத்துல வந்துட்டீங்க. இன்னா சார் ஆச்சு?"

தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் புளுகின் மேல் எனக்கே சலிப்பு வந்துவிட்டது. நைனாவிடமும் மனைவியிடமும்கூட நான் சொல்லாத ஒன்றை, முன்பின் பழகாத அந்த மனிதரிடம் சொன்னேன்.

"எனக்கு இங்கிலீஷ் பேச வரல சார். அதான் வந்துட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கேலி இல்லை, கூட்டாளியிடம் சிரிக்கிற சிரிப்பு. "இங்க யாருக்கு சார் வருது? நம்ம பசங்களுக்கு மார்க்கு வந்தா போதும். உங்க ரிசல்ட்டு எனக்குத் தெரியும். நாளைக்கே வந்துடுங்க." கையை நீட்டினார். "ஒரிஜினல் கொண்டாந்துகீறீங்க இல்ல?"

கீழே போய் வண்டிப் பெட்டியைத் திறந்தேன். எடுத்துக்கொண்டு மேலே வந்து, ஏழையும் எண்ணி அவர் கையில் கொடுத்தேன்.